பந்தல் பிள்ளைகள்

கேள்வி: ஊர் ஊராகப் பந்தல் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்துகிறவரின் பிள்ளையாக வளர்வது வரமா, பாரமா?
– வாசகி ஒருவர், குமாரலிங்கபுரம்

பதில்: பாட்டு நடக்கும்வரை வரம், பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றும்போது பாரம்! அந்தப் பிள்ளைக்குக் கஞ்சிரா தட்ட வரும், ஆயிரம் பேர் முன்னால் கூசாமல் பேச வரும், எந்த ஊர்ப் பாயிலும் தூக்கம் வரும். அப்பாதான் வரமாட்டார். காணாமல்போன ஆட்டைத் தேடுகிற மேய்ப்பரின் வீட்டில் காணாமல்போகிறவர் அவரே.

1949-ல் அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரஹாம் லாஸ் ஏஞ்சல்ஸில் போட்ட கூடாரக் கூட்டம் மூன்று வாரம் என்று தொடங்கி எட்டு வாரம் நீண்டது. அதுவே அவரை உலகறியச் செய்தது. 1956-ல் நம் பாளையங்கோட்டைக்கும் வந்து பேசினார். அத்தனை பெரிய ஊழியரும், குடும்பத்தோடு போதிய நேரம் இருக்கவில்லையே என்று சுயசரிதையில் வருந்தினார். அந்த வருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஊழியம் செய்யும் பெற்றோரே, வாரத்தில் ஒரு மாலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சாட்சி சொல்ல மேடையேற்றும் முன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள்.