தாலி கட்டிய பிறகு ஜாதகம்

1973 நவம்பர் 7. அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்சன் டிவியில் தோன்றி, 1980க்குள் அமெரிக்கா எண்ணெய்க்காக யாரிடமும் கையேந்தாது என்று சத்தியம் பண்ணினார். பெயர் ‘புராஜெக்ட் இண்டிபெண்டென்ஸ்’. அணுகுண்டு செய்தோம், நிலாவுக்கு ஆள் அனுப்பினோம், இது எம்மாத்திரம் என்றார். நிலாவில் பெட்ரோல் பங்க் வரிசை கிடையாது என்று பக்கத்தில் யாரும் காதைக் கடிக்கவில்லை.

தாலி கட்டியாயிற்று, இனி ஜாதகம் பார்க்க வேண்டும். வில்லியம் ஹோகன் என்ற கணக்குப்புலி தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. எண்ணெய்க் கிணறு, நிலக்கரிச் சுரங்கம், எரிவாயுக் குழாய் எல்லாவற்றையும் சமன்பாடாக்கி, விலை இவ்வளவு என்றால் ஜனங்கள் எவ்வளவு எரிப்பார்கள் என்பதோடு முட்டவிட்டு, இரண்டும் ஒத்துப்போகும்வரை கம்ப்யூட்டரை ஓட்டினார்கள். அந்த மாடலின் சுருக்கப் பெயர் ‘பைஸ்’. நிஜமாகவே பைசா சுத்தமான வேலைதான். 1974 நவம்பரில் பலன் வந்தது: 1980க்குள் நடக்கிற காரியமில்லை. கேட்க வேண்டியவர் ஆகஸ்டிலேயே வேறொரு விவகாரத்தில் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்த ஃபோர்டு, முகூர்த்தத்தை 1985க்குத் தள்ளிவைத்தார்.

ஜாதகத்தில் பீப்பாய் விலைக்கு முக்கியமாக இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள்: 7 டாலர், 11 டாலர். ஈரானில் புரட்சி வந்து விலை 30ஐத் தாண்டியபோது, பாவம், அந்தக் கிரகத்துக்குக் கட்டமே இல்லை.

ஆனால் மாடலை ஏன் குறை சொல்ல வேண்டும்? குளறுபடி முழுக்க அரசாங்கம் போட்டிருந்த விலைக் கட்டுப்பாட்டில் இருந்தது. உள்நாட்டுப் பழைய கிணற்று எண்ணெய்க்குப் பீப்பாய் 5.25 டாலர்தான், புதுக் கிணற்றில் எடுத்தால் சந்தை விலை. பூமிக்கடியில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்த ஒரே எண்ணெய்க்கு இரண்டு சாதி! நாளொன்றுக்குப் பத்துப் பீப்பாய்கூடத் தேறாத நோஞ்சான் கிணறுகளுக்கு விலக்கு உண்டு. அதனால் இளைத்துப்போவதே லாபம்.

மகுடம் இனிமேல்தான். மலிவு எண்ணெய் கிடைத்த சுத்திகரிப்பு ஆலை, வெளிநாட்டு எண்ணெயை விலை கொடுத்து வாங்கும் ஆலைக்குப் பணம் கட்ட வேண்டும் என்று 1974 கடைசியில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். அதாவது, இறக்குமதியை ஒழிக்கக் கிளம்பிய அரசாங்கம், இறக்குமதியாகும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் மொய் எழுத ஏற்பாடு செய்தது. சின்ன ஆலைகளுக்குக் கூடுதல் சலுகை. உடனே ஊர் ஊராக ‘டீ கெட்டில்’ என்று கிண்டலடிக்கப்பட்ட குட்டி ஆலைகள் முளைத்தன. 1973இல் நாளுக்குச் சுமார் 60 லட்சம் பீப்பாயாக இருந்த நிகர இறக்குமதி, 1977இல் 85 லட்சத்தைத் தாண்டியது.

1981 ஜனவரியில் ரீகன் பதவியேற்ற எட்டாம் நாள் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தார். கெட்டில்கள் வரிசையாக அடுப்பணைந்தன.

நிக்சனின் வாக்கு ஒருவகையில் பலித்தது. 2020இல் அமெரிக்காவின் பெட்ரோலிய ஏற்றுமதி இறக்குமதியை மிஞ்சியது. குறித்த தேதிக்கு நாற்பதே வருஷம் தாமதம். அப்போதும் கச்சா எண்ணெய்க் கப்பல்கள் வந்துகொண்டுதான் இருந்தன.