வேப்பமர நிழலில் ஹோஸ்டா!

கே: முற்றத்து வேப்பமர நிழலில் வைக்க, தங்க நிற இலையுள்ள 'ஹோஸ்டா' வாங்கலாமா?
- வாசகி, வாசுதேவநல்லூர்

ப: வாங்கலாம், வளர்ப்பதுதான் கஷ்டம். ஜப்பான், கொரியா, சீனப் பக்கத்துச் செடி அது. குளிர்காலத்தில் இலையெல்லாம் வாடி, 5 டிகிரி வாக்கிலான குளிரில் சில வாரமாவது மண்ணுக்குள் தூங்கினால்தான் அடுத்த வருடம் தெம்பாகத் துளிர்க்கும். மார்கழியில் நாம் போர்வை தேடுவோம். ஹோஸ்டாவுக்கு அதுவே கோடை. வருடத்துக்கு வருடம் இளைத்து, கடைசியில் தொட்டி மட்டும் மிஞ்சும்.

கே: குற்றாலச் சாரலில் கூடவா வராது?
- வாசகர், தென்காசி

ப: ஆனி, ஆடியில் ஐந்தருவிப் பக்கம் ஈரம் உண்டு, நிழல் உண்டு. குளிர் மட்டும் ஊட்டியில் இருக்கிறது.

கே: வேரை ஃபிரிட்ஜில் தூங்க வைத்தால்?
- வாசகர், சிவகிரி

ப: அமெரிக்காவின் வெப்பமான தென்பகுதியில் சிலர் அதையும் செய்கிறார்கள். ஆறு வாரம் காய்கறித் தட்டை விட்டுக்கொடுக்க வீட்டில் சம்மதம் வாங்குங்கள். வெளியே எடுத்ததும் பங்குனி வெயில் நிற்குமே, அதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

கே: தங்க ஹோஸ்டா விதை மலிவாகக் கிடைக்கிறதே?
- வாசகி, புளியங்குடி

ப: 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்', 'ஆகஸ்ட் மூன்' போன்ற தங்க ரகங்களைத் தூரைப் பிரித்தோ, திசு வளர்ப்பிலோதான் பெருக்குவார்கள். விதை முளைத்தாலும் பிள்ளை தாயைப்போல இருக்காது. நீங்கள் கொடுக்கும் காசு உறையில் இருக்கும் படத்துக்கு.

கே: பிறகு என் நிழலுக்கு என்னதான் வழி?
- அதே வாசகி, வாசுதேவநல்லூர்

ப: மணி பிளாண்டில் 'நியான்' ரகம் கேளுங்கள், இலை முழுக்க எலுமிச்சை மஞ்சள். பச்சையம் குறைவதால் வரும் நிறம் அது. கும்மிருட்டில் வைத்தால் மஞ்சள் மங்கிப் பச்சையடிக்கும். காலை வெளிச்சம் கசியும் இடம் சரி. வெட்டிய கொடியை மட்டும் ஓடையில் வீசாதீர்கள். ஒரு கணு போதும், மலையடிவாரத்தில் வேர் பிடித்துவிடும்.

தங்கம் வேண்டாம், தரையோடு விரியும் அகல இலை போதுமென்றால் கச்சோலம். அதன் இனத்து அலங்காரச் செடிகளைத்தான் அமெரிக்கத் தோட்டக்காரர்கள் 'தெற்கத்தி ஹோஸ்டா' என்கிறார்கள். அதுவும் தூங்கும். ஆனால் குளிர் கேட்காது. வறட்சியில் படுத்து, மழைக்கு எழும். கிழங்கின் வாசனை இலவசம்.

கே: ஹோஸ்டாவை நத்தை தின்னுமாமே?
- வாசகர், கடையநல்லூர்

ப: நத்தை தின்னும், மான் தின்னும். ஜப்பானியர்கள் இளந்தளிரை 'உருய்' என்று சமைத்தே சாப்பிடுகிறார்கள். நம்மூரில் அந்தப் பந்தியில் யாருக்கும் இடமில்லை, வெயில் முந்திக்கொள்ளும்.