எஸ்.இ.சி. இலக்கணம்

மெர்சிடிஸ் பென்ஸ் 1981 முதல் 1991 வரை செய்த எஸ்.இ.சி. என்னும் இரண்டு கதவு சொகுசுக் காருக்கு இதுவரை எவரும் இலக்கணம் வகுக்கவில்லை. பிறந்தவை 74,060. ஜெர்மனியில் பழையதொன்றை வாங்கப் புகுவார் பொருட்டு அக்குறை நீக்குதும்.

எழுத்து: சேசிஸ் எண் 'டபிள்யூ.டி.பி. 126' என்று தொடங்கும். அடுத்து 044 வந்தால் 500 எஸ்.இ.சி.; 045 வந்தால் 560. டிக்கி மேல் 560 என்றிருந்து சேசிஸில் 044 என்றிருப்பின் அது எழுத்துப்போலி.

சொல்: 'எல்லாம் மாற்றியாச்சு' என்பார் விற்பவர். ரசீது இல்லாத இறந்தகாலம் செல்லாது. 'சின்ன வேலைதான் பாக்கி' என்பதில் வரும் 'தான்' இடைச்சொல். அதன் பொருள் சில ஆயிரம் யூரோ.

பொருள்: இது புறம், அகம் என இருவகைப்படும். புறத்துக்கு நேற்றே பாலிஷ் போட்டிருப்பார்கள், மயங்கற்க. பின்கண்ணாடியின் கீழ்மூலைகளில் துரு தின்றிருந்தால் மழைநீர் டிக்கிக்குள் இறங்கும். விரிப்பைத் தூக்கி அடித்தகட்டை விரலால் தடவுக. ஈரம் தட்டுப்பட்டால் திணை நெய்தல், உரிப்பொருள் இரங்கல்.

யாப்பு: போனவுடன் கைகுலுக்குமுன் பானெட்டைத் தொடுக. சூடாயிருந்தால், நாம் வருமுன்னரே ஒருமுறை அரங்கேற்றம் முடிந்துவிட்டது என அறிக, ஆறும்வரை காத்திருக்க. எட்டு சிலிண்டர் இஞ்சினின் டைமிங் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் வயதானால் நொறுங்கும். துண்டு சிக்கினால் செயின் பல் தாண்டும்; வால்வு பிஸ்டனில் முட்டும்; பிறகு அது வண்டியன்று, கல்வெட்டு. ஆறிய இஞ்சினைக் கிளப்பியதும் முன்பக்கம் சடசடவென்றால், புலவர்கள் தளை தட்டுகிறது என்றது இதைத்தான்.

அணி: கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு சீட் பெல்ட்டைத் தோளருகே நீட்டும். நீளாவிட்டால் வண்டி ஓடும், கழுத்து சுளுக்கும். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிப் பார்க்க. நடுவே தூணே இராது. இதனை இல்பொருள் அணி என்க. ஒரு கண்ணாடி பாதியில் நின்றால் எச்சம்.

புறனடை: ஐந்திலும் தேறிய வண்டியின் விலை நமக்கு எட்டாது, நமக்கு எட்டும் விலையிலுள்ளது ஐந்தில் ஒன்றில் தவறியதாயிருக்கும். எதில் என்று வாங்குமுன் அறிவது கல்வி, வாங்கியபின் அறிவது அனுபவம். இந்நூல் வாங்கியபின் எழுதப்பட்டது. ஆசிரியர் திணை நெய்தல்.