கரிநாக்கு லூ

கரிநாக்குக்காரரைக் கண்டால் யாரும் ஒதுங்கித்தான் போவார்கள். மெல்பர்னில் அப்படி ஒருவருக்குப் பத்திரிகையில் பத்தியே கொடுத்தார்கள்.

லூ ரிச்சர்ட்ஸ் வெறும் வாய்ச்சவடால் ஆசாமி இல்லை. ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் காலிங்வுட் அணிக்காக 1941 முதல் 1955 வரை 250 ஆட்டங்கள். 1953இல் கோப்பை வென்ற கேப்டன். தாத்தா, மாமா என்று தாய்வழியிலும் அதே கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட காலிங்வுட் சட்டைதான்.

பூட்ஸைக் கழற்றியவர் வாயைத் திறந்தார். அப்புறம் மூடவே இல்லை. இந்த வாரம் இன்ன அணி ஜெயிக்கும் என்று ‘சன்’ பத்திரிகையில் எழுதுவார். அந்த அணிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும். கணிப்பு தவறினால் தண்டனையையும் அவரே அறிவித்துக்கொள்வார். அப்படித்தான் ஆட்டக்காரர் டெட் விட்டன் வீட்டுப் புல்தரையை நகம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினார். காலின்ஸ் தெருவை, அதுவும் நகரின் பணக்காரத் தெருவை, இறகுத் துடைப்பத்தால் பெருக்கினார். சரியாகக் கணித்திருந்தால் இதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

டிவியில் ஜாக் டயர், பாப் டேவிஸோடு உட்கார்ந்து அணிப் பட்டியல் வாசிப்பது இன்னொரு வேலை. மூவரும் முன்னாள் கேப்டன்கள். ஒருவரை ஒருவர் வாரிவிட்டு மிச்ச நேரம் இருந்தால் பட்டியல்.

ஆஸ்திரேலியக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் ‘லெஜண்ட்’ அந்தஸ்து மட்டும் கிடைக்கவில்லை. அது ஆடியதற்கும் பயிற்சி கொடுத்ததற்கும்தானாம், பேசியதற்கு இல்லையாம். 2017இல் தமது 94ஆவது வயதில் அவர் இறந்தபோது விக்டோரியா அரசு மரியாதையோடு வழியனுப்பியது. அரசாங்கத்துக்கு அந்த விதி தெரியாதுபோல.