குப்பைமேட்டுக்குக் குடிபோகும் யோகம்

மும்பையில் நடந்தே வேலைக்குப் போகிறவன் பெருங்குற்றவாளி. கார் வாங்குவதில்லை, பெட்ரோல் போடுவதில்லை. ஊருக்கு நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டு வளர்ச்சிக்குக் காலணா பிரயோசனமில்லை.

தாராவிக்காரர்களின் கொழுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் மாஹிம் ஸ்டேஷன், மறுபக்கம் சயான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சயான் ஆஸ்பத்திரிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடுகிறார்கள். விடியுமுன் ஒற்றை அறையில் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சட்னியைத் தூக்குவாளியில் ஊற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் நம்மாட்கள். விடலாமா இதை?

2022-இல் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தை அதானி குழுமம் ஏலத்தில் எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் காட்டினால், அங்கேயே 350 சதுர அடி வீடு, இலவசம். பிந்தி வந்தவர்கள் வெளியே. மாடியில் குடியிருப்பவர்களும் வெளியே. இரும்பேணி ஏறிப் படுத்த பாவத்துக்கு ஊரைவிட்டே தள்ளிவைப்பு!

வெளியே என்றால்? முலுண்ட் பக்கத்து உப்பளம். இல்லாவிட்டால் தேவ்னார். 1927 முதல் மும்பை தன் குப்பையைக் கொட்டிவரும் இடம். 2016-இல் பற்றியெரிந்து ஊரையே இருமவைத்த மேடு. அதில் 124 ஏக்கர் இத்திட்டத்துக்கு. தாராவியில் குப்பையைப் பிரித்தே பிழைத்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மனை கிடைக்குமா!

‘குடும்பம் விசாலமாக வாழப் புறநகர்தான் நல்லது’ என்கிறார் கனவான். அவர் மட்டும் மலபார் ஹில்லை விட்டு நகரமாட்டார். அவர் கார் முட்டாமல் ஓடக் கடலைத் தூர்த்து, மலையைக் குடைந்து, பத்து கிலோமீட்டருக்குக் கடற்கரைச் சாலை. செலவு 13,000 கோடிக்கு மேல். சுங்கம் கிடையாது. பைக்குக்கும் சைக்கிளுக்கும் அனுமதியும் கிடையாது. பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்பவனுக்கு அரசு காட்டும் வழி, இன்னும் தொலைவாகக் குடிபோ என்பது.

இதற்கு ஒத்திகையும் நடந்தாயிற்று. செம்பூரை அடுத்த மாகுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மூக்கடியில் ஏழைகளைக் குடியேற்றினார்கள். அந்தக் காற்றில் வாழச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாதென்று 2019-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல நேர்ந்தது. அதற்குப் பிறகும் கோப்பில் தேவ்னார் என்று எழுதக் கை வருகிறதென்றால், அது அறியாமையல்ல, திமிர்.

சென்னையில் உட்கார்ந்து இதைப் படித்து உச்சுக்கொட்டுகிறவர்கள், கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களைப் பார்க்கப் பெரும்பாக்கத்துக்கு ஒருமுறை பஸ் ஏறுங்கள். காரில் போகாதீர்கள்.