சோழவரம் எங்கள் மாவட்டம்

இந்திய மோட்டார் பந்தய வரலாற்றில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் சொந்தம். இதைச் சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிக்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் சிரிப்பதுகூட இல்லை. பாவம், வெயில் அதிகம் என்பதாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காபியைக் குடிக்கிறார்கள். அவர்களுக்கென்ன, ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இருக்கிறார், கரிவர்தன் இருந்தார், செட்டிப்பாளையத்தில் கரியின் பெயரிலேயே ஒரு பந்தயத் தளம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது கொளவாய் ஏரி, ரயில்வே ஜங்ஷன், வருடத்துக்கு ஒரு தசரா.

ஆனால் 1997-க்கு முந்தைய மாவட்ட வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மெட்ராஸை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு கிடந்தது செங்கல்பட்டு மாவட்டம். கலெக்டர் அலுவலகம் காஞ்சிபுரத்தில் இருந்தது, பெயர் மட்டும் எங்களுடையது. அந்தப் பெயருக்குள் பந்தயம் ஓடிய சோழவரம் இருந்தது, பந்தயத் தளம் கட்டிய இருங்காட்டுக்கோட்டை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்த பெருங்களத்தூர் தொழிற்சாலை இருந்தது. புல்லட் செய்த திருவொற்றியூர் இருந்தது. ஆவடியில் டாங்க்கூடச் செய்தார்கள். அது பந்தயத்துக்கு வரவில்லை, வந்திருந்தால் அதை முந்த எவனுக்கும் தைரியம் வந்திருக்காது.

1997-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள். சோழவரம் திருவள்ளூருக்குப் போயிற்று, இருங்காட்டுக்கோட்டை காஞ்சிபுரத்துக்கு. செங்கல்பட்டு என்ற பெயரே மாவட்டப் பட்டியலில் இல்லாமல் போயிற்று. 2019 நவம்பரில் மறுபடியும் எங்களுக்கென்று மாவட்டம் கொடுத்தார்கள். அந்த இரண்டு ஊர்களும் திரும்பி வரவில்லை. எங்கள் பங்குக்கு மாமல்லபுரம் வந்தது. அங்கே ஐந்து ரதங்கள் இருக்கின்றன. பல்லவர் காலத்திலிருந்து ஒன்றுகூட ஸ்டார்ட் ஆனதில்லை.

இந்த இழப்பை எங்கள் வீட்டில் சொந்த நிலம் போனதாக எடுத்துக்கொண்டவர் என் பெரியப்பா. சோழவரத்தில் அவருக்குச் சென்ட் நிலம் கிடையாது. அங்கே அவர் வைத்திருந்தது வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நிற்கும் ஓர் இடம், அதுவும் முன்னால் வந்தவனுக்கே.

சோழவரம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று, மழைக்காலச் செய்திகளில் அதன் மட்டத்தைப் படிப்பார்கள். பெரியப்பாவின் தலைமுறைக்கு அது ரேஸ். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று, போர் முடிந்ததும் வேலையில்லாமல் கிடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தக் கான்கிரீட்டில் பந்தயம் நடத்தியது. எண்பதுகளின் கடைசி வரைக்கும் தை, மாசி வந்தால் சனமெல்லாம் கல்கத்தா ரோட்டில் வடக்கே நகரும். ஸ்கூட்டர் ஓடும், புல்லட் ஓடும், யெஸ்டி ஓடும், வீட்டில் கல்யாணத்துக்குப் போகிற அதே ஃபியட்டும் அம்பாசடரும் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும். கடைசியில் ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்கள் வரும். அவை வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும்.

செங்கல்பட்டிலிருந்து அங்கே போவது லேசான காரியமில்லை. விடியற்காலை ரயிலேறி பீச் ஸ்டேஷன், அங்கிருந்து பஸ்ஸில் செங்குன்றம், அப்புறம் இன்னொரு பஸ், அப்புறம் நடை. மாவட்டத்தின் தெற்கிலிருந்து வடக்குக்கு, நடுவில் மெட்ராஸ் என்ற வேறொரு மாவட்டத்தைத் தாண்டிக்கொண்டு. கையில் புளியோதரைப் பொட்டலம், தலையில் துண்டு. இவ்வளவு பாடுபட்டுப் போய் பெரியப்பா பார்த்தது என்ன?

கணக்குப் போட்டால் சங்கடமாக இருக்கும். ஒரு கார் ஒரு சுற்றுக்கு ஒரு முறை அவர் முன்னால் கடக்கும், இரண்டு மூன்று விநாடி. முதல் விநாடியில் முன்னால் நிற்பவனின் தலை, இரண்டாவதில் கார், மூன்றாவதில் புழுதி. மீதி நேரமெல்லாம் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் பேசுவார், எஞ்சின் சத்தத்தில் அதுவும் கேட்காது. அந்த இரண்டு மூன்று விநாடித் துண்டுகளை ஒட்டித் தைத்துத்தான் பெரியப்பா ஒரு முழுப் புராணம் செய்து வைத்திருக்கிறார்.

“கல்கத்தாவுலேருந்து கின்னி லால் வருவார்டா. வளைவுல ஒரு கையாலதான் திருப்புவார். இன்னொரு கை எங்கே?”

“எங்கே பெரியப்பா?”

“அதான் எனக்கும் தெரியல. அவ்வளவு வேகம்.”

குஜராத்திலிருந்து கோண்டல் அரச குடும்பத்துக் கார்கள் வரும். இலங்கையிலிருந்து ஆட்கள் வருவார்கள். பெங்களூரிலிருந்து விஜய் மல்லையா வந்து ஓட்டுவார். பிற்பாடு 2008-இல் ஃபோர்ஸ் இந்தியா என்று சொந்த ஃபார்முலா ஒன் அணியே வைத்துக்கொண்டார். “அந்த ஆள் கிளம்பினா ஒருத்தரும் பிடிக்க முடியாது” என்று பெரியப்பா எண்பதுகளில் சொன்னதை 2016-க்குப் பிறகு வங்கிக்காரர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதையெல்லாம் எங்கள் பெரியம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய சோழவர நினைவு வேறு. “யாரு ஜெயிச்சான்னு எனக்குத் தெரியாது. அந்தச் சட்டையை எத்தனை தண்ணி மாத்தி அலசினேன்னு கேளு, சொல்றேன்.” வரலாற்றாய்வாளர்கள் பெரியப்பாவை விடப் பெரியம்மாவைப் பேட்டி காண்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ரசிகர்களின் கதைகளுக்கு ஒரு குணம் உண்டு. வருடம் ஆக ஆக ஓட்டுநர் பின்னாலிருந்து புறப்படுவார். நான் பள்ளிக்கூடம் படித்தபோது பெரியப்பாவின் நாயகன் மூன்றாவது வரிசையிலிருந்து கிளம்பி ஜெயித்தான். கல்லூரிக்குப் போனபோது கடைசி வரிசை. இப்போது கொடி அசைத்த பிறகும் பிளக் மாற்றிக்கொண்டிருந்தவன், எல்லோரும் ஒரு சுற்று முடித்த பிறகு கிளம்பி ஜெயிக்கிறான். இன்னும் சில வருடம் போனால் அவன் செங்கல்பட்டிலேயே ரயிலைத் தவறவிட்டிருப்பான்.

இது பெரியப்பாவுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இத்தாலியில் டாட்சியோ நுவோலாரி என்று ஓர் ஓட்டுநர். 1930-இல் பிரேஷியாவிலிருந்து ரோமாபுரி போய்த் திரும்பும் ஆயிரம் மைல் பந்தயத்தில், முன்னால் போன அக்கிலே வார்சிக்குத் தெரியாமல் இருக்க, இரவில் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பின்தொடர்ந்து போய், கடைசியில் லைட்டைப் போட்டு முந்தினார் என்பது கதை. நுவோலாரி ஜெயித்தது நிஜம். லைட் விஷயத்தில் மட்டும், அப்போது ஏற்கெனவே பொழுது விடிந்திருந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தொண்ணூறு வருடத்துக்கு மேலாக உலகமே வாயைப் பிளக்கும் இந்தச் சாகசத்தை எங்கள் பக்கத்து மணல் லாரிக்காரர்கள் தினம் ராத்திரி செய்கிறார்கள், ஒரு பத்திரிகை எழுதியதில்லை.

நரேன் விஷயத்தில் பெரியப்பா ஆதாரத்தோடு பேசுவார். 2005-இல் இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நரேன் நான்காவதாக வந்தார். டயர் பிரச்சினையால் மிஷலின் டயர் போட்ட பதினான்கு கார்கள் தொடக்கச் சுற்று முடிந்ததும் உள்ளே போய்விட்டன, ஓடியவை ஆறே ஆறு. இதை நான் விளக்கப் போனால் பெரியப்பா கையமர்த்துவார்.

“நரேன் நிக்கறான்னு பார்த்தான். பதினாலு பேரும் வண்டியை உள்ளே திருப்பிட்டான். இதுல டயர் எங்கேருந்துடா வந்தது?”

அதோடு நரேனை எங்கள் மாவட்டத்தானாக்கிவிடவும் அவரிடம் வழி இருக்கிறது. நரேன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர்த் தளத்தில். அதுதான் 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தளம். வருடம் 1997-க்கு முன்னால். ஆகவே கோயம்புத்தூரில் வளர்ந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் கார் ஏறியவர். இன்னொரு ஃபார்முலா ஒன் ஓட்டுநரான கருண் சந்தோக்கையும் விடுவதில்லை. அவருடைய தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், அந்தக் கிளப் பந்தயம் நடத்தியது சோழவரத்தில், எனவே பேரனும் நம்ம பையன்தான்.

கரிவர்தனைப் பற்றிப் பேசும்போது மட்டும் பெரியப்பா புளுகுவதில்லை. அதற்குத் தேவை இருந்ததில்லை என்று நினைக்கிறேன். கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்தவர் எஸ். கரிவர்தன். நினைத்திருந்தால் வெளிநாட்டிலிருந்து ஒரு காரை இறக்குமதி செய்து சோழவரத்தில் நாலு கோப்பை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், அப்படிச் செய்தவர்கள் இருந்தார்கள். அவர் கார் செய்யக் கற்றுக்கொண்டார். மாருதி 800 வந்ததும் அதன் எஞ்சினை, 796 சி.சி., எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைக் கட்டினார். ஃபார்முலா மாருதி. பெரும்பாலும் ராஜாக்களும் மில் முதலாளிகளும் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டத்தில் கொஞ்சம் பணமும் நிறையக் கிறுக்கும் உள்ள பையன்களும் நுழைய அதுதான் கதவு. நரேன் முதலில் ஏறியதும் அந்தக் காரில்தான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரி இறந்துபோனார், நாற்பதைத் தாண்டியிருந்த வயது. அவர் ஓட்டியதை நேரில் பார்த்தவர்கள் எதை நினைவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். பந்தயத்தை விட, பந்தயம் முடிந்ததும் அவர் காருக்கு அடியில் படுத்திருந்ததைச் சொல்கிறார்கள்.

இந்தப் பக்தியின் முழுப் பாரமும் என் தலையில் விழுந்தது நான் பழைய மாருதி 800 ஒன்று வாங்கியபோது. பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். கண்களை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

“கரி வெச்ச அதே எஞ்சின்டா இது.”

அன்றிலிருந்து நான் வண்டி ஓட்டுபவன் அல்ல, பரம்பரைக்குக் களங்கம். மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால், கோவளத்தில் வளைவை எங்கே வெட்ட வேண்டும், முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் எந்த கியருக்கு இறங்க வேண்டும் என்று பாடம் நடக்கும். நான் ஐம்பதில் போய்க்கொண்டிருப்பேன். வண்டிமேல் குற்றமில்லை. முன்னால் மீன் கூடை வைத்த டிவிஎஸ் 50 ஒன்று அறுபதில் போகும். அதன் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படுவார்.

“முந்துடா!”

“கேமரா இருக்கு பெரியப்பா.”

“கரிக்குக் கேமரா இருந்ததா?”

மாமல்லபுரத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழிக்கும் பையனிடமும் ஃபார்முலா மாருதியைப் பற்றிச் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லா எஞ்சினுக்கும் ஒரே ரேட்டுதான் என்றான்.

ஒரு நாள் அவரை இருங்காட்டுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் செங்கல்பட்டிலிருந்து தூரமே இல்லை. வழியெல்லாம் கார்த் தொழிற்சாலைகள், பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் ‘இது நம்மது, இது போயிடுச்சு’ என்று மாவட்டக் கணக்கு சொல்லிக்கொண்டு வந்தார். பந்தயத் தளம் அருமையாக இருந்தது. 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவு, உட்கார்ந்து பார்க்க இடம், நிழல். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை நேரம் காட்டுகிறார்கள். யார் முதல், யார் எத்தனை பின்தங்கியிருக்கிறார்கள், எந்தச் சுற்றில் எவ்வளவு என்று சந்தேகத்துக்கே இடமில்லை.

பெரியப்பா முகம் வாடிவிட்டது. மதியம் வரைக்கும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “எல்லாம் தெரியுதேடா.”

2024 ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் விளக்குப் போட்டுத் தெருவிலேயே கார்ப் பந்தயம் நடந்தபோது டிவியில் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிஷம் பார்த்தார். “ராத்திரியில லைட் போட்டுக்கிட்டு ஓட்டறதுல என்ன இருக்கு?” என்று சேனலை மாற்றினார். நுவோலாரியைப் பற்றி அவரிடம் சொன்னது நான்தான்.

நேரம் குறிக்கும் கருவி வந்த பிறகு பந்தயம் நன்றாகிவிட்டது, பாதுகாப்பாகிவிட்டது, நியாயமாகிவிட்டது. பந்தயக் கதை செத்துவிட்டது. என் அக்கா மகன், நடிகர் அஜித்குமாரின் அணி 2025-இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததைச் சுற்றுச் சுற்றாக ஒப்பிப்பான். ஒரு எண்ணில் தவறு இருக்காது. அவனுடைய பேரப்பிள்ளைகளிடமும் அதே எண்ணைத்தான் சொல்வான், அஜித் ஒரு இடம்கூடப் பின்னாலிருந்து கிளம்ப மாட்டார்.

சோழவரத்துக்கு அப்படிச் சுற்றுச் சுற்றான கணக்கு எதுவும் எங்கள் கையில் இல்லை. நான் பார்த்தவரை இருப்பதெல்லாம் வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களும், நாலைந்து நிகழ்ச்சிப் புத்தகங்களும்தான். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது: புழுதி, புழுதிக்குள் ஒரு சக்கரம், ஓரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை. அந்தச் சக்கரம் கரியுடையது என்கிறார் பெரியப்பா. முழங்கை தன்னுடையது என்கிறார். பெரியம்மா சட்டையை அடையாளம் காட்டுகிறார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கலாம். தாத்தாவோ மாமாவோ நினைவோடு இருக்கும்போதே எடுத்து, எந்த வருடம், யாருடைய வண்டி என்று கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பென்சிலாலேயே எழுதுங்கள், அடுத்த வருடம் வேறு பெயர் சொல்வார்கள்.