சர்வர் படுக்காத 182 ஏக்கர்

தேவதானப்பட்டிக்கு அடுத்த ஊர் கெங்குவார்பட்டி. அங்கேயும், அதே பெரியகுளம் வட்டத்தில் வடவீரநாயக்கன்பட்டி, தாமரைக்குளத்திலும் 182 ஏக்கர் அரசு நிலம் தனியார் பெயரில் பட்டாவாகிவிட்டதாக 2021இல் குட்டு உடைந்தது. கரடு நகரவில்லை. கல் அசையவில்லை. கணினிப் பதிவில் மட்டும் அரசாங்கம் காணாமல் போயிருந்தது. இந்த நாட்டில் மனுசனுக்குத்தான் சாதி மாறாது. நிலத்துக்கு ஒரே ராத்திரியில் மாறும்.

நமக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எரிச்சல் வேறு இடத்தில்.

கிராமத்தில் வீடில்லாத ஒருத்தி இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டால் சர்க்கார் கொடுக்கும் அளவு 3 சென்ட். அதற்கு அவள் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நிற்க வேண்டும். மனுவுக்கு ரசீது கிடைக்கும். "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று பதிலும் வரும். எங்கே அனுப்பினார்கள்? மூன்று வருடமாக அவளை இழுத்தடித்த அதே மேசைக்கு. அங்கே கிளார்க் தலையைத் தூக்காமல் சொல்வார்: "சர்வர் வேலை செய்யலம்மா, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் சர்வேயர் லீவு. அதற்கடுத்த வாரம் ஜமாபந்தி. பிறகு தேர்தல்.

182 ஏக்கர் என்றால் 18,200 சென்ட். தலைக்கு 3 சென்ட் கொடுத்திருந்தால் ஆறாயிரம் குடும்பத்துக்கு மேல் கூரை போட்டிருக்கும். அத்தனை நிலத்துக்கும் சர்வர் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. என்ன விசுவாசமான சர்வர்!

நடவடிக்கை எடுக்கவில்லை என்று சொல்லக் கூடாது. கோட்டாட்சியர், வட்டாட்சியர், நில அளவையர் என்று வரிசையாக சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் சஸ்பெண்ட் ஆன அரசு ஊழியருக்குப் பிழைப்பூதியம் என்று ஒன்று உண்டு, பாதிச் சம்பளம். வேலைக்கே போகாமல். மாந்தோப்பில் காய் பறிக்கும் கூலிக்காரன் காய்ச்சலில் ஒரு நாள் படுத்தால் அவனுக்கு எந்த ஊதியம்?

அது அரசு நிலம். இனித் தனியார் தோப்புக்கு வருவோம். பெரியகுளம் சாலையோரம் தோப்பு ஒன்று விலை பேசப்பட்டது என்பதை முதலில் அறிவது மரம்தான். பொக்லைன் வரும். மஞ்சள் கல் ஊன்றுவார்கள். கலர் கொடி கட்டுவார்கள். 'சுவையான குடிநீர்' என்று போர்டு வைப்பார்கள்; பக்கத்துக் கிணறு வறண்டு கிடக்கும். விளைநிலத்தை மனையாக்க ஊராரிடம் ஆட்சேபணை கேட்பதும் உண்டு, நாளிதழின் மூலையில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில். மனை விளம்பரம் மட்டும் முழுப் பக்கம். வரைபடத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பச்சையாக இருக்கும். நேரில் போனாலும் பச்சைதான். சீமைக்கருவேலம்.

விளைநிலம் இப்படிக் கண்டபடி மனையாகிறதே என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. நமக்கும் ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அரசு சும்மா இருக்குமா? 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன்பு விற்ற மனையா? பணத்தைக் கட்டு, தவறு ஒழுங்காகிவிடும். கெடு முடிந்தது. நீட்டித்தார்கள். மறுபடி முடிந்தது. மறுபடி நீட்டித்தார்கள். விளைநிலத்துக்கு மட்டும் யாரும் கெடு நீட்டிக்கவில்லை.

கட்டணம் கட்டியது யார் தெரியுமா? மகள் கல்யாணத்துக்கு உதவும் என்று சீட்டுப் பணத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டவன். விற்றவன் அதற்குள் அடுத்த தோப்புக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான்.